சருகைக் காணச் சகியாதவர்

இந்தப் பேர்வழியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்று நீங்கள் சாதித்தாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தோளிலிருந்து ஒரு நூல் துணுக்கை எடுத்து, கீழே போட மனம் வராமல் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டாரே, அவர்தான். உங்கள் வீட்டுக்கு வந்து, 'உக்காருங்க' என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கி, வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அணிவகுக்க வைத்து, தண்ணீர் குடித்த டம்ளர் மேசைமேல் விட்டுப்போன ஈர வட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, 'இப்பப் பாருங்க, பளிச்சுனு இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவரும் இவரேதான். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் சுத்தக்காரர்.

சுத்தம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். சுத்தக்காரர் மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும்வரை யாருக்கும் பெரிய சேதம் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும், விருந்தாளிகள் பிஸ்கட்டைக் கடிக்காமல் முழுசாக வாய்க்குள் போட்டுக்கொள்ளப் பழகிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் அதே மனிதர் கையில் மூன்று ஏக்கர் நிலம் கிடைத்தால்?

ஒருவருக்குக் கிடைத்தது. அவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், இருபத்திரண்டு வருஷமாக எனக்கு 'அண்ணே'. என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவனுக்கென்ன மண்ணைப் பற்றித் தெரியும் என்பீர்கள். எனக்கு மண் பரிசோதனை நிலையத்தில் வேலை. விவசாயிகள் பையில் போட்டுக் கொண்டுவரும் மண்ணைக் கரைத்து, வடித்து, சூடாக்கி, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். பெரும்பாலும் என்ன இல்லை என்பதுதான் பட்டியலில் நீளமாக இருக்கும்.

சகலையிடம் மூன்று துடைப்பங்கள் உண்டு. வாசலுக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று. நிலத்தை யாராவது கூட்டுவார்களா? இவர் கூட்டுவார். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து, வரப்பு வரப்பாக, செடிக்கும் செடிக்கும் நடுவில் குனிந்து குனிந்து, உதிர்ந்த இலை, காய்ந்த தட்டை, ஒடிந்த குச்சி, பறவை போட்ட இறகு, எல்லாவற்றையும் ஓர் இடத்தில் குவித்து, சாயங்காலம் அதற்குத் தீ வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அது எரிவதைப் பார்த்தபடி நிற்பார். மற்றவர்கள் பாட்டுக் கேட்கும்போது முகத்தில் வருமே ஒரு சாந்தம், அது அப்போது அவர் முகத்தில் வரும். இருபது வருஷத்தில் அந்த நிலத்தில் விழுந்த ஓர் இலைக்காவது மறுநாள் சூரியனைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இலை விழுவதே பிடிக்காதவருக்கு மரத்தை எப்படிப் பிடிக்கும்? வேலியோரம் பதினோரு மரங்கள் நின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு விசாரணை நடந்தது, ஒரு தீர்ப்பும் வந்தது. ஒன்று இலை அதிகம் போடுகிறது. ஒன்று பூ உதிர்க்கிறது. ஒன்று கோணலாக நிற்கிறது. கடைசியாக நின்ற மரம் பாவம், இலையும் போடாமல் பூவும் உதிர்க்காமல் அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் காக்கை உட்கார்ந்தது. காக்கை உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதுவும் போயிற்று.

அடுத்து உழவு. ஊரில் மற்றவர்கள் இரண்டு சால் ஓட்டினால் இவர் ஆறு சால் ஓட்டுவார். டிராக்டர்காரருக்கே மனது கேட்காமல் ஒருமுறை இறங்கி வந்தார்.

"அண்ணே, போதும்ணே. இன்னொரு சால் ஓட்டினா மண்ணு காத்துல பறந்துடும்."

"பறந்தா பறக்கட்டும். கட்டி இருக்கக் கூடாது. மாவு மாதிரி இருக்கணும், தெரியுதா?"

பறந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா துணி காயப்போடுவதை நிறுத்தினார்.

நிலத்தின் நடுவில் கொஞ்சம் மேடாக இருந்தது. மேடு என்றால் பெரிய மேடு இல்லை, முழங்கால் உயரம். ஆனால் வரப்பில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தெரியும். இவர் தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் செங்கல் சூளைக்காரரைக் கூப்பிட்டு, "செதுக்கி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். சூளைக்காரர் தன் காதையே நம்பாமல் நான்கு லாரி அனுப்பினார். இன்றைக்கு யார் யார் வீட்டுச் சுவர்களிலோ என் சகலையின் மேல்மண் பத்திரமாக இருக்கிறது. அதில் எதுவும் விளையாது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, எறும்புக்கு மருந்து. மண்புழுவைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். இதையெல்லாம் செய்து முடித்து, நிலம் ஆஸ்பத்திரித் தரை மாதிரி ஆனபிறகு, முதல் மழை பெய்ததும் எனக்குப் போன் பண்ணுவார்.

"சகலை, வந்து பாருங்க. இவ்வளவு மழை பெஞ்சும் ஒரு சொட்டு தேங்கல. அப்படியே வழிஞ்சு ஓடிடுச்சு. அவ்வளவு சுத்தம்."

வழிந்து ஓடியது தண்ணீர் மட்டும் இல்லை. ஓடை முழுக்கக் காப்பி நிறம். அந்த நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் நம்மைப் போல வெயிலும் மழையும் போட்டி போட்டுக்கொண்டு அடிக்கிற பூமியில் நிலத்தின் வளமெல்லாம் மேலே ஒரு சாண் கனத்தில்தான் இருக்கிறது. குளிர் தேசத்து மண் ஒரு வருஷம் தின்றதை மூன்று வருஷம் அசை போடும். நம் மண் அப்படி இல்லை. இந்தச் சூட்டில் இன்றைக்குப் போட்டதை இன்றைக்கே செரித்துவிட்டு, நாளைக்கு என்ன என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதற்கு நாள் தவறாமல் இலையும் தழையும் விழ வேண்டும், தலைக்கு மேல் ஒரு நிழல் வேண்டும், மழை நேராக மண்டையில் இறங்காமல் ஒரு போர்வை வேண்டும். போர்வையை உருவிவிட்டு, சாப்பாட்டைத் தீயில் போட்டுவிட்டு, வெயிலில் நிறுத்தி வைத்தால் மனிதனே செத்துப்போவான். மண்ணும் சாகும். என்ன, அது சத்தம் போடாமல் சாகும்.

மூன்று வருஷமாக மக்காச்சோளக் கதிர்கள் இடையிடையே மணி பிடிக்காமல், பல் விழுந்த வாய் மாதிரி வந்தன. முதல் வருஷம் விதை சரியில்லை என்றார். இரண்டாம் வருஷம் மழை சரியில்லை என்றார். மூன்றாம் வருஷம் யோசித்தார். யோசித்து, அழுக்கு இன்னும் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டி, யூரியாவை இரட்டிப்பாக்கி, தினம் இரண்டு வேளை கூட்ட ஆரம்பித்தார்.

அந்த நிலத்தில் அழுக்கு ஒளிந்திருந்தது உண்மைதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நான்கு பாத்தி அளவுக்கு, அக்காவின் இடம்.

அக்கா என்று நான் சொல்வது சகலையின் மனைவியை. என் மனைவி அக்கா என்று கூப்பிடுகிறாள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: தொட்டிக்குப் பின்னால் நீங்கள் வரக் கூடாது. காய்கறித் தோல், அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம், அழுகிய வைக்கோல், கணவர் கூட்டிக் குவித்ததில் தீ வைப்பதற்கு முன் சாக்கில் திருடிய சருகு, எல்லாம் அங்கேதான் போகும். வெண்டை, கத்தரி, கீரை, பூசணி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது செடி எது குப்பை என்று தெரியாமல் காடாக வளர்ந்து கிடக்கும். வீட்டுக்கு வேண்டிய காய் முழுக்க அங்கிருந்துதான் வந்தது. மூன்று வருஷமாகச் சந்தைக்கும் கொஞ்சம் போனது. சகலை அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார். பார்வையில் படக் கூடாது என்று குறுக்கே ஒரு தகரத்தை நிறுத்தி, அந்தத் தகரத்துக்கு வருஷா வருஷம் வெள்ளை பெயின்ட்டும் அடித்து வந்தார்.

அக்காதான் ஒருநாள் என்னிடம் ஆரம்பித்தார்.

"தம்பி, இந்த வருஷமும் இப்படியே போனா நிலத்தைத் தரிசாத்தான் போடணும். நான் சொன்னா அவர் கேக்க மாட்டார். நீங்க சொன்னாலும் சிரிச்சுட்டு விட்டுடுவார். காகிதம் சொன்னா கேப்பார். சீல் வெச்ச காகிதத்துக்கு அவர்கிட்ட அவ்வளவு மரியாதை. உங்க ஆபீசுல குடுக்கறீங்களே, அத குடுக்க வைங்க."

நல்ல யோசனை. காகிதம் எப்படி வரும் என்று எனக்கு மனப்பாடம்: கரிமச் சத்து மிகக் குறைவு, இலை தழைகளை எரிக்காமல் நிலத்திலேயே மட்கவிடவும், உழவைக் குறைக்கவும். இருபது வருஷமாக நான் வாயால் சொல்லப் பயந்ததையெல்லாம் காகிதம் சொல்லிவிடும். சகலைக்குச் செய்முறைத் தாளைக் கொடுத்தேன். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஓரமாக ஒரு சீவல் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோ துணிப்பையில் போட்டு அனுப்ப வேண்டும். தாளை வாங்கியவர் அதை நான்காக மடித்தார். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார்.

இந்த இடத்தில் உங்களை ஒன்று கேட்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்ததும் மூன்று நாளைக்கு இனிப்பைத் தொடாமல், நான்காம் நாள் காலையில் கையை நீட்டி, முடிவு நன்றாக வந்ததும் நேராக மிட்டாய்க் கடைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறார்களா? இருக்கிறார்கள் அல்லவா? அப்படியானால் மேற்கொண்டு நடந்தது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

எங்கள் நிலையத்தில் மண் பைகளுக்கு எண்தான். பெயர் பதிவேட்டில் இருக்கும்; மேசைக்கு எண் மட்டும் வரும். அந்த வாரம் எண் இருநூற்றுப் பதினான்கு என் மேசைக்கு வந்தது. பையை அவிழ்த்தேன். அடடா, என்ன மண்! கறுப்பாக, பொலபொலவென்று, முதல் தூறல் விழுந்ததும் வருமே அந்த வாசனையோடு. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவர் எங்கள் மேலதிகாரி அம்மாவைக் கூப்பிட்டார். மூன்று பேரும் ஒரு தட்டு மண்ணைச் சுற்றி நின்று, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் போல மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். கரிமச் சத்து அளவைக் கண்டு நம்பாமல் இரண்டாம் முறை செய்து பார்த்தேன். அதேதான் வந்தது. பரிந்துரை என்ற கட்டத்தில், வழக்கமாக எழுதும் பதினைந்து வரிகளுக்குப் பதிலாக, நெகிழ்ந்துபோய் ஒரே வரி எழுதினேன்: 'தற்போதைய பராமரிப்பு முறையை அப்படியே தொடரவும்.' சீலும் வைத்தேன்.

அதற்கப்புறம்தான், இந்தப் புண்ணியவான் யார் என்று பார்ப்போமே என்று பதிவேட்டைத் திறந்தேன்.

என் சகலை. நிலம் என்ற இடத்தில், அடிக்கோல் வைத்து எழுதியது போன்ற கையெழுத்தில், 'முழு நிலம்'.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் நான் பதிவேட்டை மூடுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே இஸ்திரி போட்ட சட்டையில் அவரே நின்றார், காகிதம் வாங்க. அதற்குள் அவர் கையிலிருந்த சீட்டில் மேலதிகாரி அம்மா எண்ணைப் பார்த்துவிட்டார்.

"இருநூத்திப் பதினாலா? இந்த மண்ணை வளர்த்தவர் நீங்கதானா? எப்படிங்க இப்படி வெச்சிருக்கீங்க?"

"ஏதோ, நம்மால முடிஞ்ச அளவுக்குச் சுத்தமா வெச்சிருக்கேன்" என்றார் சகலை, அடக்கமாக.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். சகலை கை கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் பின்னாலேயே வண்டி நிறுத்துமிடம்வரை போனேன்.

"அண்ணே, மண்ணு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். சொன்னார். முதல் இடத்தில் மண்வெட்டியைப் போட்டதும் டங்கென்று சத்தம் வந்ததாம். இரண்டாவது இடத்திலும் டங். ஏழு இடத்தில் போட்டுப் பார்த்து, கைதான் காய்த்ததாம். மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி, கீழே கல்லாக இறுகிய ஓடு.

"அரசாங்க ஆபீசுக்குக் கட்டியும் ஓடுமா அனுப்ப முடியுமா, சொல்லுங்க? நீங்க வேலை பாக்கற இடம். உங்க மரியாதை என்ன ஆகறது? அதான் தகரத்துக்குப் பின்னால போனேன். மூக்கைப் பொத்திக்கிட்டுதான் போனேன். அங்கதான் மண்வெட்டி இறங்குச்சு. அதையும் அப்படியே அனுப்பலை, மூணு தடவ சலிச்சேன். புழு ஒண்ணு நெளிஞ்சுது. அதை எடுத்துட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அண்ணே, இந்தக் காகிதம் உங்கள் நிலத்துக்கு இல்லை, உங்கள் நிலம் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன்?

"நல்லதுண்ணே" என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் எங்களுக்குள் ஒரு முகச்சுளிப்பு கிடையாது. சகலைகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று குடும்பத்தில் எங்களைத்தான் காட்டுவார்கள். ஒரு அரைக் கிலோ மண்ணுக்காக அதைக் கெடுத்துக்கொள்வானேன்? போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சகலை காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். கொத்தனாரிடம் நீர்மட்டம் கடன் வாங்கிவந்து, ஒரு மயிரிழை கோணாமல் கூடத்தில் மாட்டினார். தினமும் காலையில் அதைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அந்த ஒரே வரி அவர் மனதில் பதிந்தது. தற்போதைய பராமரிப்பு முறையை அப்படியே தொடரவும். அரசாங்கமே சொல்லிவிட்டது. மூன்று ஏக்கரிலும் இந்த முறைதான் நடக்கிறது, ஓர் இடத்தைத் தவிர. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை?

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் போன் வந்தது.

"தம்பி, காகிதம் சொன்னா கேப்பாருன்னு நான்தான் சொன்னேன். கேட்டுட்டார். டிராக்டர் வந்து நிக்குது. வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது தகரம் படுத்துக் கிடந்தது. பூசணிக் கொடியும் சருகுக் குவியலும் ஓரமாக எரிந்துகொண்டிருந்தன. முதல் பாத்தி இருந்த இடம் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. இரண்டாம் பாத்தி நடுவில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எந்திரிக்கட்டும், நான் ஓட்டறேன்" என்றார் என்னிடம், நான் என்னவோ எழுப்பிவிடப் போகிறவன் போல.

சகலைக்கு என்னைப் பார்த்ததும் தெம்பு வந்தது. "நீங்களே சொல்லுங்க சகலை. நீங்கதான எழுதினீங்க? அப்படியே தொடரணும்னா எல்லா இடத்துலயும்தான தொடரணும்? இவ என்னடான்னா குப்பையில உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கறா."

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "தம்பி, அந்த மண்ணு எங்க எடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் அந்த இடத்தில் விசித்திரம். எடுத்தவருக்குத் தெரியும், எழுதியவனுக்குத் தெரியும், ஆறு சால் ஓட்டியவருக்குத் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை.  பேசுவதற்குப் பதிலாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குள் நடந்து, நடுவில் நின்று, ஓங்கிப் போட்டேன். டங். மணிக்கட்டு விண்ணென்றது. நான்கு அடி தள்ளிப் போட்டேன். டங். சகலை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை போட்டபோது எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. ஒரு காலத்தில் அந்த நிலத்தில் நடந்தால் கால் புதையும்.

"அண்ணே, உங்க நிலத்துல சோதிச்சுப் பாக்கறதுக்கே மண்ணு கிடைக்கல. அதான் உங்க ரிப்போர்ட்டு. கூடத்துல மாட்டியிருக்கீங்களே, அது அக்காவோடது."

சகலை வரப்பிலிருந்து இறங்கினார். உள்ளே போனார். சட்டத்தைக் கழற்றி எடுத்துவந்து, பழக்க தோஷத்தில் ஒருமுறை துடைத்துவிட்டு, பதிவேட்டில் தான் எழுதியபடியே அதில் ஏறியிருந்த 'முழு நிலம்' என்ற இடத்தைப் பார்த்தார். அவருக்குப் பொய்யும் அழுக்குதான். தான் எழுதிக் கொடுத்ததிலேயே ஒரு அழுக்கு இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லல சகலை?" என்றார்.

நான் மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தேன். டிராக்டர்காரர் மெதுவாக இறங்கி, எரிந்துகொண்டிருந்த குவியலில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார்.

நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்காவுக்குத் தன் கணவரைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும்.

"இன்னைக்கு நிறுத்திடுவார் தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமை கை அரிக்கும். எனக்கு இவரோட மல்லுக்கட்ட முடியாது. இந்த மண்ணை மூட்டை கட்டித் தரேன், உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. முன்னால அவ்வளவு இடம் கிடக்கே, ஒரு ஓரமாக் கொட்டி வைங்க. நான் அங்க வந்து பாத்துக்கறேன். உங்களைவிட மண்ணோட அருமை யாருக்குத் தெரியப் போகுது?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அக்கா... நம்ம வீட்டு முன்னால இப்ப இடம் இல்லக்கா. போன வருஷமே முழுசா சிமெண்ட்டு போட்டுட்டோம். மழையில சேறு ஆகுதுன்னு."

"பின்னால?"

"பின்னால டைல்ஸ்."

அக்கா கீரை ஆய்வதை நிறுத்தினார். கோபிப்பார் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை. டிராக்டர்காரர்தான் சிரித்துவிட்டார், சிரித்துவிட்டு இருமினார். மண் பரிசோதனை நிலையத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் வீட்டில் ஒரு கூடை மண் கொட்ட இடமில்லை. சகலை என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு தோழமை தெரிந்தது.

அக்கா எழுந்து புடவையை உதறினார். கூடையில் மண்ணை அள்ளினார். தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, சகலை அன்று காலையில் கூட்டி முடித்திருந்த நிலத்தின் நட்டநடுவில், எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும் இடத்தில் கொட்டினார். புழு, சருகு, முட்டை ஓடு, எல்லாம் சேர்த்து.

"அங்கயா?" என்றார் சகலை.

"காகிதம் உங்க நிலத்துக்குன்னு எழுதியிருக்கீங்க இல்ல? மண்ணும் அங்கயே இருக்கட்டும். கூட்டணும்னு தோணுச்சுன்னா முதல்ல அந்தச் சட்டத்தைக் குப்பையில போட்டுட்டு வந்து கூட்டுங்க."

அடுத்த கூடையை நான் தூக்கினேன். அதற்கடுத்ததை டிராக்டர்காரர் தூக்கினார். அக்கா ஒரு பாத்தி மண்ணைத்தான் எடுத்தார். அழியாமல் மிஞ்சிய மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கூடை வர வர, சகலை நிலத்துத் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் படும் பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. காற்றில் ஒரு சருகு உருண்டு அவர் கால் பக்கம் வந்தது. குனிந்தார். எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். பிறகு நடந்து போய் அதைக் குவியலின்மேல் வைத்தார். போடவில்லை, வைத்தார்.

வைத்துவிட்டு உள்ளே போய் கயிறும் நான்கு முளைக்குச்சியும் கொண்டுவந்தார். குவியலின் நான்கு மூலையிலும் குச்சி அடித்து, கயிறு கட்டி, வெளியே சரிந்திருந்த மண்ணைக் கையாலேயே உள்ளே தள்ளினார்.

"ஓரம் மட்டுமாவது நேரா இருக்கட்டும்" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் அக்கா.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தச் சதுரத்தில் மட்டும் மண்வெட்டி இறங்குகிறதாம். மூன்று ஏக்கரில் ஒரு கட்டில் அகலம். இப்படிச் சாவகாசமாகப் பரவினால் என் ஆயுளுக்குள் முடியாது. ஆனாலும் சகலை வாரம் ஒருமுறை கயிற்றை அரை அடி வெளியே தள்ளிக் கட்டுகிறார் என்று கேள்வி. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போனால் அக்கா என் வீட்டு முற்றத்தைப் பற்றிக் கேட்பார். கொத்தனாரைக் கூப்பிட வேண்டும், உடைக்க வேண்டும், தூசி பறக்கும், வீடெல்லாம் அழுக்காகும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சகலையிடமாவது துடைப்பம்தான் இருந்தது. நாமெல்லாம் ஒருநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஆயுசுக்கும் கூட்ட வேண்டாதபடி வேலையை முடித்துவிட்டோம். நாமா, நான் இல்லையே என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு இறங்கி நின்று பாருங்கள். சுட்டால் வருத்தப்படாதீர்கள். நீங்களும் நம்ம ஆள்தான்.